பல் வலிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்





நம் அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களில் பல் சம்பந்தப்பட்டவை குறைவுதான். ஆனால் வருபவை அநேகமாக ஒரே கதையைச் சொல்கின்றன. "பல்லில் ஓட்டை ரொம்ப நாளாக இருந்தது. வலி இல்லாததால் விட்டுவிட்டோம். இப்போது கன்னம் வீங்கிவிட்டது, வாய் திறக்க முடியவில்லை, இரவெல்லாம் தூக்கம் இல்லை." சில நூறு ரூபாயில் அடைத்திருக்க வேண்டிய பல், பல ஆயிரம் செலவு வைக்கும். இல்லையென்றால் பிடுங்க வேண்டி வரும்.

இதில் எங்கள் பங்கும் உண்டு. வலி, வீக்கம் என்று வருபவருக்கு உடனே பணம் ஒதுக்கினோம். பல் அடைக்க வேண்டும் என்று கேட்டவரிடம் "அவசரம் இல்லையே, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றோம். இது தலைகீழான முறை என்பது இப்போது புரிகிறது. அது ஏன் தலைகீழ் என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

வலி கடைசியில்தான் வரும்

பல்லின் மேல்பகுதியில் இருக்கும் வெள்ளைக் கவசத்துக்கு எனாமல் என்று பெயர். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். ஆனால் அதில் நரம்பு கிடையாது. எனவே அங்கே சொத்தை பிடித்தால் நமக்குத் தெரியாது.

நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவையும் பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலைக் கரைக்கிறது. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் வரையோ, அதற்கு மேலும் கூடவோ இந்த அரிப்பு நடக்கும். பிறகு உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கும். இது அல்லாஹ் நம் வாயிலேயே வைத்திருக்கும் மருந்து. ஆனால் மணிக்கொரு முறை இனிப்பு டீயும் பிஸ்கட்டுமாக இருந்தால் அந்த மருந்து வேலை செய்ய நேரமே கிடைக்காது. ஒரே நேரத்தில் இரண்டு லட்டு சாப்பிடுவதைவிட, ஒரு லட்டைப் பிய்த்துப் பிய்த்து நாள் முழுக்கச் சாப்பிடுவது பல்லுக்கு அதிகக் கெடுதல்.

முதலில் பல்லில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டு தெரியும். இந்தக் கட்டத்தில் ஃபுளோரைடு பற்பசையும் இனிப்புக் கட்டுப்பாடும் இருந்தாலே சரியாகிவிடக் கூடும். அடுத்து ஓட்டை விழும், அதை அடைத்துவிடலாம். அதற்கும் அடுத்து குளிர்ந்த தண்ணீரும் இனிப்பும் கூசும். இதுவும் பெரும்பாலும் அடைக்கக் கூடிய கட்டமே. இரவில் தானாக வலி குத்துகிறது என்றால் சொத்தை நரம்பை எட்டிவிட்டது என்று பொருள். பிறகு வேர் சிகிச்சை, அதன் மேல் தொப்பி, அல்லது பல்லைப் பிடுங்குவது என்று போகும். ஆகவே, வலி வந்த பிறகு கிளம்புகிறவர் ஆரம்பத்தில் அல்ல, முடிவில் கிளம்புகிறார்.

வலி மாத்திரையும் கிராம்புத் தைலமும் வலியைச் சற்று மறைக்கும், சொத்தையை நிறுத்தாது. சிலர் மாத்திரையைத் தூளாக்கி ஈறில் வைக்கிறார்கள். அது ஈறை வேக வைத்துப் புண்ணாக்கிவிடும். தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சல், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் ஆகியவை சேர்ந்து வந்தால் காத்திருக்கவே கூடாது. அன்றே, இரவானாலும், பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பல்லில் தொடங்கும் சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

மிஸ்வாக்கும் பிரஷ்ஷும்

வாய்ச் சுத்தம் நமக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டிய விஷயம் அல்ல. உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற எண்ணம் இல்லாவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக்கைக் கட்டளையாக்கியிருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஹதீஸ் உண்டு. இரவில் எழும்போதும், வீட்டுக்குள் நுழையும்போதும் மிஸ்வாக் செய்தார்கள் என்றும் அறிவிப்புகள் உள்ளன. உளூச் செய்யும் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்கிறோம். இவ்வளவு இருந்தும் நம் வீடுகளில் பல் துலக்குவது காலையில் ஒரு முறையோடு முடிந்துவிடுகிறது.

உண்மையில் முக்கியமானது இரவு. தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறையும். இரவுச் சாப்பாட்டுத் துணுக்கு பல்லிடுக்கில் இருந்தால் கிருமிகளுக்கு விடியும் வரை தடையே இல்லை. இரவுச் சாப்பாட்டை முடித்து இஷாவுக்கு உளூச் செய்யும் வழக்கம் உள்ளவர்கள் அந்த நேரத்திலேயே பல் துலக்கிவிடலாம். தொழுதபின் சாப்பிடுகிறவர்கள் படுக்கப் போகுமுன் துலக்கலாம். அதற்குப் பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

மிஸ்வாக் போதாதா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். மிஸ்வாக் எடுக்கப்படும் உகா மரத்தின் குச்சியில் கிருமிகளை அடக்கும் பொருள்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனமும் 1986இல் அதன் பயன்பாட்டை ஊக்குவித்தது. ஆனால் கடைவாய்ப் பற்களின் உட்பக்கத்துக்குக் குச்சி எட்டுவது கடினம். எனாமலை உறுதியாக்கும் ஃபுளோரைடு பற்பசையில் உள்ள அளவுக்கு அதில் கிடைக்காது. எனவே தொழுகை நேரங்களில் மிஸ்வாக், காலையிலும் இரவிலும் பற்பசையோடு பிரஷ் என்று இரண்டையும் சேர்த்துக் கொள்வதே நல்லது. மிஸ்வாக்கின் நுனியை அடிக்கடி வெட்டிப் புதிதாக்கிக் கொள்ளுங்கள்.

பிரஷ் மென்மையானதாக இருக்கட்டும். ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் சாய்த்து வைத்து, அழுத்தாமல் சின்னச் சின்ன வட்டமாக 2 நிமிடம் துலக்க வேண்டும். 3 மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷை மாற்ற வேண்டும். பற்பசை வாங்கும்போது ஃபுளோரைடு 1000 பிபிஎம் அளவாவது உள்ளதா என்று அட்டையில் பாருங்கள். துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடு கழுவிப் போய்விடும். செங்கல் தூள், அடுப்புக்கரி, சாம்பல் ஆகியவை பல்லை வெள்ளையாக்குவது போலத் தோன்றும். உண்மையில் எனாமலைத் தேய்த்துவிடும். எனாமல் ஒருமுறை தேய்ந்தால் திரும்ப வளராது.

பிள்ளைகளின் ஆறு வயதுப் பல்

ஒன்பது வயதுப் பையனுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. "பால் பல்தானே, விழுந்து முளைத்துவிடும் என்று நினைத்தேன்" என்று அவன் தாய் எங்களிடம் அழுதார்கள். அது பால் பல் அல்ல.

பால் பற்கள் மொத்தம் 20. சுமார் ஆறு வயதில் அவற்றுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, மேலும் கீழும் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கும். இவை நிலையான பற்கள். ஆயுள் முழுக்க இருக்க வேண்டியவை. பல் விழாமல் முளைப்பதால் பெற்றோர் கவனிப்பதில்லை. மேடு பள்ளம் அதிகம் உள்ள பல் என்பதால் சொத்தை முதலில் பிடிப்பதும் இதில்தான். பல் மருத்துவரிடம் காட்டினால் அந்தப் பள்ளங்களைப் பூச்சு வைத்து மூடிவிடுவார். வலி இல்லை, ஊசி இல்லை. உங்கள் பிள்ளைக்கு ஆறு அல்லது ஏழு வயதென்றால் இன்றே வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

பால் பல்லையும் அலட்சியப்படுத்தக் கூடாது. அடுத்து வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது அதுதான். சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்க வைத்தால் முன்பற்கள் கறுத்து உதிரும். முதல் பல் முளைத்ததுமே துலக்கத் தொடங்கலாம். 3 வயது வரை அரிசியளவு பற்பசை, அதன் பின் பட்டாணி அளவு. ஏழு, எட்டு வயது வரை பெரியவர்கள் கூட நின்று துலக்கிவிட வேண்டும்.

ஈறும் சர்க்கரையும்

பெரியவர்கள் பல்லை இழப்பதற்குச் சொத்தை மட்டும் காரணம் அல்ல, ஈறு நோயும் காரணம். துலக்கும்போது ரத்தம் வருவது ஈறு அழற்சியின் அடையாளம். ரத்தம் வருகிறதே என்று துலக்காமல் விட்டால் அழற்சி அதிகமாகும். பல்லில் படிந்த அழுக்கு நாளடைவில் கல்லாக இறுகிவிட்டால் பிரஷ்ஷால் போகாது. மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

"சுத்தம் செய்தால் பல் ஆடும்" என்று நம்மில் பலர் பயப்படுகிறார்கள். எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடத் தொடங்கிய பல்லைக் கல் பிடித்து வைத்திருக்கும். கல்லை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது. ஆட வைத்தது சுத்தம் அல்ல, அந்தக் கல்தான்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் வருவது கடினம். இதய நோய்க்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் வருவது சகஜம். கர்ப்ப காலத்தில் பல் வைத்தியமே கூடாது என்பது தவறு. நடு மூன்று மாதங்கள் அதற்கு வசதியான காலம்.

பாக்கு, புகையிலை

விருந்து முடிந்ததும் வெற்றிலைத் தட்டு வைப்பது பழைய வழக்கம். ஆனால் புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முடிவு செய்துள்ளது. தமிழக அரசு 2013இல் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை விதித்தது. அப்படியிருந்தும் ஷிப்டு வேலைக்குப் போகும் நம் இளைஞர்கள் சிலர் தூக்கம் வராமல் இருக்கப் பொட்டலத்தை உதட்டுக்குள் அடக்கிக் கொள்கிறார்கள். தொழுகைக்கு வந்து சஃபில் நிற்கும் தம்பிதான், பாக்கெட்டில் அதையும் வைத்திருக்கிறார். அவரை அவமானப்படுத்தாமல் அழைத்துப் பேசுவது நம் கடமை.

வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் தாங்காமல் எரிவது, வாய் திறக்கும் அளவு நாளுக்கு நாள் குறைவது ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. இங்கேயும் வலியை நம்பிக் காத்திருக்க முடியாது.

மார்க்க ரீதியான சில கேள்விகள்

பல் அடைத்தால் கடமையான குளிப்பு கூடுமா என்று தயங்கிச் சிகிச்சையைத் தள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிலையாக வைக்கப்பட்ட அடைப்பும் தொப்பியும் பல்லின் பகுதியாகவே ஆகிவிடுவதால் குளிப்புக்குத் தடையில்லை என்று ஆலிம்கள் விளக்குகிறார்கள்.

அழகுக்காகப் பற்களை ராவி இடைவெளி உண்டாக்குவதை ஹதீஸ் தடுக்கிறது. கோணலாகி, மெல்லவும் பேசவும் துலக்கவும் சிரமம் தரும் பற்களைக் கம்பி போட்டுச் சரிசெய்வது குறையை நீக்குவதாகும். அது அந்தத் தடையில் சேராது என்பது அறிஞர்கள் கருத்து. பல் வரிசைக்காக வாயைக் கையால் மூடிக்கொண்டே சிரிக்கும் பெண் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். சகோதரனைப் புன்னகையோடு பார்ப்பதும் தர்மம் என்று கற்பித்த மார்க்கம் நம்முடையது. அந்தப் பிள்ளையின் கூச்சத்தைப் போக்குவது ஆடம்பரம் ஆகாது.

நோன்பு காலத்தில் ஸஹர் முடிந்து ஃபஜ்ருக்கு முன்பும், இரவு படுக்கு முன்பும் பற்பசை போட்டுத் துலக்கிவிடலாம். நண்பகலுக்குப் பின் மிஸ்வாக் செய்வதை ஷாஃபிஈ மத்ஹபில் மக்ரூஹ் என்பார்கள். ஹனஃபியில் அப்படி இல்லை. அவரவர் மத்ஹபின்படி நம் இமாமிடம் கேட்டுக் கொள்ளுங்கள். சிகிச்சையை ரமளானுக்கு முன்பே முடித்துவிடுவது எல்லாவற்றிலும் இலகு.

எங்கே போவது?

பொத்தேரியில் இருக்கும் நமக்கு இந்த விஷயத்தில் அல்லாஹ் வசதி செய்து வைத்திருக்கிறான். எஸ்.ஆர்.எம். வளாகத்தின் பல் மருத்துவக் கல்லூரி நம் வாசலில் இருக்கிறது. செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. பெரிய சிகிச்சை என்றால் சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி உண்டு. பொத்தேரியில் கடற்கரை மின்சார ரயில் ஏறினால் கோட்டை நிலையத்தில் இறங்கி எதிரிலேயே போய்விடலாம். பொதுவாகப் பல் மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை செய்வார்கள். நேரம் கூடுதலாகும், செலவு குறையும். பதிவு பெற்ற பல் மருத்துவர் அல்லாத எவரிடமும் பல் கட்டிக் கொள்ள வேண்டாம்.

இனி நம் அறக்கட்டளையில் பல் உதவிக்கான முறையை மாற்றுகிறோம். சிறிய ஓட்டையை அடைக்கவும், ஈறைச் சுத்தம் செய்யவும், பிள்ளைகளின் கடைவாய்ப் பல்லுக்குப் பூச்சு வைக்கவும் வரும் விண்ணப்பங்களை "பிறகு" என்று தள்ள மாட்டோம். வலி வந்தவருக்கு உதவி எப்போதும் போல உண்டு. ஆனால் வலி வருமுன் வருகிறவரைத்தான் நாங்கள் அதிகம் எதிர்பார்க்கிறோம். வெட்கப்பட வேண்டாம். ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்துக்கு வந்து சொன்னால் போதும்.

இன்றிரவு வீட்டில் எல்லோரும் பல் துலக்கிவிட்டுப் படுங்கள். பிள்ளைகளின் கடைவாயை ஒருமுறை பாருங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும், பிறர் முகம் மலரச் செய்யும் புன்னகையையும் தந்தருள்வானாக. ஆமீன்.