பிறந்ததும் போடும் ஊசி ஏன் தள்ளிப்போகிறது?

சென்னை ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கும் எல்லா ஊரையும் போல இடது தோளில் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. உண்டு. ஆனால் தாய்க்குக் குடல் அழற்சி நோய் இருந்து, கர்ப்பத்தின் பின்பாதியில் இன்ஃபிளிக்ஸிமாப் ஏற்றியிருந்தால் குறைந்தது 6 மாதம் பொறுக்க வேண்டும்.

அந்த மருந்து ஒரு எதிர்ப்புரதம். சுமார் 20 வாரத்துக்குப் பின் நஞ்சுக்கொடி தாயின் எதிர்ப்புரதங்களைப் பிள்ளைக்கு அள்ளித் தருகிறது. மருந்தும் கூடவே போய், பிறந்த பிறகும் மாதக்கணக்கில் தங்கும். பி.சி.ஜி.யில் இருப்பதோ உயிருள்ள கிருமி. அதைக் கட்டிவைக்கும் டி.என்.எஃப். புரதத்தை மருந்து முடக்குவதால், கிருமி உடலெங்கும் பரவலாம்.

அதற்காகத் தாய் மருந்தைத் தானாக நிறுத்தலாமா? கூடவே கூடாது. நோய் முற்றினால்தான் குறைப்பிரசவ ஆபத்து கூடும். இதே நோய்க்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தின் கதை வேறு. கருத்தரிப்பதற்குச் சில மாதங்கள் முன்பே அது நிற்க வேண்டும்.

ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் மருத்துவர் எழுதிய சீட்டைப் பிரசவ வார்டில் முதலிலேயே காட்டிவிடுங்கள்.