வெயில் குறுக்கும் ஓடுபாதை

தூத்துக்குடியை அடுத்த வாகைகுளம் விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டதையொட்டி, இனி எத்தகைய பெரிய விமானமும் அங்கு வந்துபோகும் என்ற எதிர்பார்ப்பு எழுந்துள்ளது. சுமார் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டப்பட்டிருப்பதே அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. நீளம் இரு மடங்குக்கு மேல் பெருகியது உண்மைதான். ஆனால் ஓடுபாதையின் நீளத்தை அதன் மேலுள்ள காற்றின் வெப்பத்தோடு சேர்த்துப் பார்க்காத வரை, அந்த மீட்டர் கணக்கு முழுமையான செய்தி ஆகாது.

இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுவதால் விமானத்தை மேலெழுப்பும் விசை பிறக்கிறது. இந்த ஏற்றுவிசை காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. கடல் மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை 1.225 கிலோகிராம், 40 டிகிரியில் அது 1.127 கிலோகிராமாகக் குறைகிறது. இந்த 8 சதவீத இழப்பை ஈடுசெய்ய விமானம் கூடுதல் வேகம் பெற்றாக வேண்டும். எஞ்சின் தளராமல் உழைத்தாலும், அந்த வேகத்தை எட்ட ஏறத்தாழ 9 சதவீதம் அதிகத் தொலைவு ஓட வேண்டும்.

எஞ்சினோ தளரவே செய்கிறது. கெட்டித் தயிரில் மத்து ஒருமுறை சுழன்றால் கை உணரும் எதிர்ப்பு, நீர்மோரில் அதே வேகத்தில் சுழலும்போது கிடைப்பதில்லை. அதே எதிர்ப்பைப் பெறக் கடைபவர் கயிற்றை விரைந்து இழுக்க வேண்டும். கடைபவருக்கு உணவும் அந்தப் பானையில் உள்ளதே என்று வைத்துக்கொண்டால் விமானத்தின் நிலை விளங்கும்: இறக்கை எதைத் தள்ளுகிறதோ அதையே எஞ்சின் உள்ளிழுத்து எரிபொருளை எரிக்கிறது, ஆகவே கூடுதல் உழைப்பு தேவைப்படும் அதே வேளையில், உழைப்பதற்கான வலிமையும் குறைந்துபோகிறது. கடலோரப் புழுக்கமோ பானையில் மேலும் நீர் வார்க்கிறது. ஈரக்காற்று கனமானது என்று உடல் சொன்னாலும், நீராவியின் மூலக்கூறு நிறை 18, உலர்காற்றின் சராசரி 29 என்பதால், ஈரம் ஏறிய காற்று உண்மையில் இலேசானது. 35 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள பிற்பகலில் அடர்த்தி மேலும் ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் குறைகிறது.

ஓடுபாதையைத் திட்டமிடுவோர் இதற்கென ஓர் எளிய விதியைக் கையாள்கின்றனர். ஆண்டின் மிக வெப்பமான மாதத்தில் நாள்தோறும் பதிவாகும் உச்ச வெப்பநிலைகளின் சராசரியைக் குறிப்பு வெப்பநிலை என்பர். அது தர வளிமண்டலத்தின் வெப்பநிலையை விஞ்சும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஓடுபாதை நீளத்தில் ஒரு சதவீதம் கூட்டப்படும். கடல் மட்டத்தில் தர வெப்பநிலை 15 டிகிரி. தென்கோடிக் கரையின் குறிப்பு வெப்பநிலையை 37 டிகிரி எனக் கொண்டால், 22 சதவீதம் கூட்ட வேண்டும். முழு எடையுடன் தரச் சூழலில் 1,300 மீட்டரை ஒட்டிய தொலைவு கேட்கும் ஏடிஆர் 72 விமானத்துக்கு, இக்கணக்குப்படி பழைய பாதை போதாது. எடையைக் குறைப்பதே வழி. 2,100 மீட்டர் கேட்கும் ஏர்பஸ் 320க்கு 2,560 மீட்டர் வேண்டும், புதிய பாதையில் அது தாராளமாகக் கிடைக்கிறது. தரச் சூழலிலேயே 3,000 மீட்டரை ஒட்டி ஓடும் போயிங் 777-300 ஈஆர் போன்றவை முழுச் சுமையுடன் வெயிலில் எழும்புவதற்கு இந்தப் பாதையும் காணாது. நீட்டிப்பின் நோக்கமும் ஏர்பஸ் 321 வகைதான். அதற்கு மேல் எழுப்பப்படும் எதிர்பார்ப்புகளுக்கு இயற்பியலில் இடமில்லை.

  

இருப்பினும் வெயில் எடுத்துக்கொள்வதில் ஒரு பங்கைக் காற்றே திருப்பித் தருகிறது. பாதையின் இரு முனைகளிலும் 10, 28 என்ற எண்கள் எழுதப்பட்டுள்ளன. இவை காந்தத் திசையைப் பத்து டிகிரி அலகில் குறிப்பதால், பாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது என்பது தெளிவு. தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து வீசும் பலமான காற்றும், நிலம் காய்ந்தபின் கிழக்கே கடலிலிருந்து வரும் காற்றும் ஏதேனும் ஒரு முனையில் எதிர்காற்றாகவே வாய்க்கின்றன. எழும்பும் வேகம் மணிக்கு 260 கிலோமீட்டர் எனில், 20 கிலோமீட்டர் எதிர்காற்று தரையில் தேவையான வேகத்தை 240 ஆக்குகிறது. தொலைவு வேகத்தின் இருமடியைத் தொடர்வதால், ஓட்டம் ஏறத்தாழ 15 சதவீதம் குறைகிறது. ஆனால் காற்று வராமலும் போகலாம் என்பதால் பாதையின் நீளம் அதை நம்பி வகுக்கப்படுவதில்லை. வெப்பமோ ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. குறிப்பு வெப்பநிலை இன்னும் ஒரு டிகிரி ஏறினால், ஏர்பஸ் 320க்குத் தேவையான நீளத்தில் மேலும் 21 மீட்டர் கூடும்.