தரையும் உங்களைத் தள்ளுகிறது!

'நான் ஒரு கனமும் தூக்குறதில்லையே டாக்டர், அப்புறம் ஏன் முழங்கால் இப்படி வலிக்குது?' என்று கேட்காத நோயாளிகள் குறைவு. தூக்குகிறீர்கள் அம்மா, உங்களையே!

பள்ளிக்கூடத்தில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதி ஞாபகம் இருக்கிறதா? 1687-ல் அவர் வெளியிட்டது. ஒரு பொருள் இன்னொன்றைத் தள்ளினால், அதுவும் அதே அளவு விசையோடு திருப்பித் தள்ளும். விசை எப்போதும் ஜோடியாகத்தான் வரும். 'இரண்டும் சமம், எதிர்த் திசை என்றால் கழிந்து பூஜ்யமாகி விடாதா?' என்று உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்கும். ஆகாது. பாதம் தள்ளுவது தரையை. தரை தள்ளுவது பாதத்தை. வேறு வேறு பொருள்மேல் விழும் விசைகள் எப்படிக் கழியும்?

60 கிலோ எடையுள்ளவர் சும்மா நின்றால், தரையும் 60 கிலோ அளவுக்கு அவரை மேலே தள்ளும். ஓடினால், பாதம் பதியும்போதெல்லாம் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு. முழங்காலுக்குள்ளே இன்னொரு ஜோடி இருக்கிறது. தொடை எலும்பு கீழெலும்பை அழுத்த, கீழெலும்பு அதைத் திருப்பி அழுத்துகிறது. நடுவில் மாட்டிக்கொள்வது பாவம், குருத்தெலும்பு! தொடைத் தசைகளும் சேர்ந்து இழுப்பதால், சாதாரண நடையிலேயே அங்கே எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம். படி இறங்கினால் மூன்று மடங்கையும் தாண்டும்.

மூட்டுத் தேய்மானம் உள்ள பருமனானவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்குச் சுமார் 4 கிலோ பாரம் குறைகிறதாம். நான் தைலமும் ஒற்றடமும் தருகிறேன், வலி அடங்கும். பாரத்தைக் குறைக்க வேண்டியது நீங்கள்தான்.

நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கைகளாலும் கைப்பிடியைக் கீழே அழுத்துங்கள். கைப்பிடி உங்களை மேலே தள்ளும். முழங்காலுக்கு அந்த அளவு மிச்சம். கைத்தடியும் அப்படித்தான். வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில் இருக்கட்டும். பலரும் மாற்றிப் பிடிக்கிறார்கள்.

வழுக்கி விழுவதும் இதே கணக்குதான். நடக்கும்போது பாதம் தரையைப் பின்னால் தள்ளுகிறது, தரை நம்மை முன்னால் தள்ளுகிறது. எண்ணெயோ சோப்புத் தண்ணீரோ இருந்தால் உராய்வு போச்சு. நீங்கள் தள்ளவும் முடியாது, தரை தாங்கவும் முடியாது. எண்ணெய்க் குளியல் வேண்டாம் என்று நான் சொல்வேனா? பெரியவர்கள் உள்ளங்காலைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்த பிறகே எழுந்திருக்கட்டும். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் பதித்து விடுங்கள்.