ஓடுபாதை – 8: மெலிவதற்குக் கொடுக்கும் விலை

சென்ற வாரம் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கைப் பார்த்தோம். 800 மீட்டர் ஓடி முடித்த பெண்கள் சோர்ந்துபோனார்கள் என்று காரணம் காட்டி, அந்தப் போட்டியையே 1960 வரை பெண்களுக்கு இல்லாமல் செய்தார்கள். பிற்காலப் பயிற்சியாளர்கள் பலர் நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். பையனுக்குக் கொடுக்கும் பயிற்சியையே பெண்ணுக்கும் கொடு, கூடவே கொஞ்சம் எடையைக் குறை என்பது அவர்கள் சூத்திரம். முதல் தவறாவது பெண்ணை வீட்டுக்கு அனுப்பியது. இரண்டாவது தவறு அவள் எலும்பை எடுத்துக்கொண்டது.

2013 ஆகஸ்ட், மாஸ்கோ. உலகத் தடகளப் போட்டி, பெண்கள் 1500 மீட்டர் இறுதிச்சுற்று. அதில் ஓடிய இருவரை மட்டும் பார்ப்போம். ஐந்தாவதாக வந்த கென்யாவின் ஃபெய்த் கிப்யெகானுக்கு வயது 19. பத்தாவதாக வந்த அமெரிக்காவின் மேரி கெய்னுக்கு 17; பள்ளிப் படிப்பே முடியவில்லை. அந்த வயதில் ஓர் அமெரிக்கப் பெண் உலக இறுதிச்சுற்றில் ஓடுவது பெரிய செய்தி. பிரபல பயிற்சியாளர் ஆல்பெர்ட்டோ சலாசாரின் நைக்கி ஒரிகன் புராஜெக்ட் குழுவில் சேர்ந்து, தொழில்முறை வீராங்கனை ஆனார் கெய்ன். 2014-ல் உலக ஜூனியர் போட்டியில் 3000 மீட்டர் தங்கமும் வந்தது. அதற்கப்புறம் அவர் பெயரே கேட்கவில்லை.

என்ன ஆயிற்று என்று 2019 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட காணொளியில் அவரே சொன்னார். எடையை 114 பவுண்டுக்கு, அதாவது 52 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கொண்டுவரச் சொன்னார்கள். சக வீரர்கள் முன்னிலையில் எடை போட்டார்கள். மூன்று ஆண்டுகள் மாதவிடாய் வரவில்லை. ஐந்து எலும்புகள் முறிந்தன. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் நிலைக்குப் போனார். சலாசார் இதையெல்லாம் மறுத்தார். ஊக்கமருந்து விதிமீறலுக்காக அந்த ஆண்டே அவருக்கு நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டு, ஒரிகன் புராஜெக்டும் மூடப்பட்டிருந்தது. 2021-ல், வீரர்கள் மீதான துன்புறுத்தலை விசாரிக்கும் அமெரிக்காவின் சேஃப்ஸ்போர்ட் மையம் அவருக்கு நிரந்தரத் தடை விதித்தது. சலாசார் மீதும் நைக்கி மீதும் கெய்ன் தொடுத்த வழக்கு 2023-ல் சமரசத்தில் முடிந்தது.

அதே 2023-ல்தான் கிப்யெகான் ஃபிளாரன்ஸில் 3 நிமிடம் 49.11 விநாடியில் ஓடி 1500 மீட்டர் உலக சாதனை படைத்தார். வயது 29, ஒரு பெண் குழந்தைக்குத் தாய். இருவர் வாழ்க்கையையும் ஒப்பிட்டு ஒரே காரணம் கண்டுபிடிக்க நான் முயலவில்லை. 17 வயதில் வரும் நேரத்தை உச்சம் என்று நம்பி, அதைக் காப்பாற்ற உடம்பை ஒடுக்குவது எவ்வளவு அவசரக் கணக்கு என்பதை மட்டும் சொல்கிறேன்.

கெய்னின் எலும்புகள் ஏன் முறிந்தன? சாப்பிட்டதில் பயிற்சிக்குச் செலவானது போக மிஞ்சும் ஆற்றலில்தான் இதயம், மூளை, கருப்பை, எலும்பு எல்லாம் ஓட வேண்டும். கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 45 கலோரி மிஞ்சினால் நல்லது. 30-க்குக் கீழே போனால் உடம்பு சிக்கனத்தில் இறங்குகிறது. வருமானம் குறைந்த வீட்டில் முதலில் பத்திரிகைச் சந்தாவை நிறுத்துவோமே, அப்படி. உடனடியாக உயிர்வாழத் தேவைப்படாத இனப்பெருக்கத்தைத்தான் உடம்பு முதலில் நிறுத்துகிறது. மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் ஹார்மோன் சமிக்ஞைகள் ஐந்தே நாள் பற்றாக்குறையில் தடுமாறுவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது. எலும்பைக் காத்துவந்ததும் அதுதான்.

இதை 'பெண் வீரர்களின் முக்கோணம்' என்று தொண்ணூறுகளில் அழைத்தார்கள்: ஆற்றல் குறைவு, மாதவிடாய்க் கோளாறு, எலும்புத் தேய்வு. இதயமும் மனநிலையும் நோய் எதிர்ப்பும்கூடப் பாதிக்கப்படுவதைக் கண்டு, 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 'ரெட்-எஸ்' (விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு) என்று விரிவான பெயர் வைத்தது. இதில் ஆண்களும் அடக்கம்.

பதின்வயதில் இது ஏன் இவ்வளவு விபரீதம்? மடமடவென்று உயரம் கூடும் அந்த இரண்டு ஆண்டுகளில் மட்டும் ஒரு பெண் தன் வாழ்நாள் எலும்புச் சத்தில் ஏறத்தாழ கால் பங்கைச் சேர்த்துவிடுகிறாள். 18 வயதுக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். நின்ற மாதவிடாய், சாப்பாடு சீரானால் பெரும்பாலும் திரும்பிவிடும். அந்த ஆண்டுகளில் சேராமல்போன எலும்பு முழுதாகத் திரும்புவதில்லை. ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று பயப்படும் பாட்டிமார் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். பயம் இருக்க வேண்டியதுதான். அது கணுக்கால், இடுப்பு எலும்புகளுக்காக இருக்க வேண்டும்.

கருத்தடை மாத்திரை கொடுத்து மாதவிடாயை 'வரவழைப்பது' இன்னொரு ஏமாற்று. அந்த உதிரப்போக்கு மாத்திரையை நிறுத்துவதால் வருவது. எச்சரிக்கை விளக்கின் மேல் துணியைப் போட்டு மூடுகிறோம், அவ்வளவே. ஹார்மோன் சிகிச்சை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். சாப்பாட்டுக்கு அது மாற்றாகாது.

நம் பள்ளி மைதானங்களில் 114 பவுண்டு கட்டளை இடுபவர்கள் குறைவு. இங்கே பட்டினி வேறு வழியாக வருகிறது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு டம்ளர் டீயோடு கிரவுண்டுக்கு வரும் பெண், பிராக்டிஸ் முடிந்து பஸ் பிடித்து ஓடும் அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விட்டுவிடுகிறாள். யாரும் மெலியச் சொல்லவில்லை. பற்றாக்குறை என்னவோ அதேதான். இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்தினருக்கு இரத்தசோகை என்று 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்பின் இருப்பு வற்றியிருக்கலாம் என்பதால், நேரம் காரணமின்றி மந்தமாகும் பெண்ணுக்கு ஃபெரிட்டின் பரிசோதனையும் தேவை. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்குவது பாதியை வீணாக்கும் வேலை.

நேரம் மந்தமாவதற்கு நோயே இல்லாத காரணமும் உண்டு. பூப்பெய்திய பிறகு இடுப்பு விரிந்து எடை கூடும்போது, சில பெண்களின் நேரம் ஓரிரு ஆண்டு தேங்கும். கூட ஓடிய பையன் டெஸ்டோஸ்டிரோன் தயவில் அதே சமயம் பாய்கிறான். "வெயிட் போட்டுட்டே, அதான்" என்ற பேச்சு அப்போதுதான் வரும். குறுவட்டப் போட்டியில் முதலாவதாக வந்தவள் அடுத்த ஆண்டு பெயர் கொடுக்காமல் போவதும் அப்போதுதான். அந்த இரண்டு ஆண்டுகளைக் காத்திருந்து கடக்க வைப்பதை நான் பயிற்சியின் பகுதியாகவே பார்க்கிறேன்.

மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டாலோ, 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும். "ஓடுற பிள்ளைக்கு அப்படித்தான்மா இருக்கும்" என்று சொல்லி அனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும். கஷ்டம் என்னவென்றால், பி.டி. சாரிடம் பதினான்கு வயதுப் பெண் இதைப் பேசமாட்டாள். "தலைவலி சார்" என்பாள். அதனால் அணியில் நம்பிக்கையான டீச்சரோ சீனியர் அக்காவோ ஒருவர் இருந்து, தேதி கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். அந்த நோட்டை அணித் தேர்வுக்குப் பயன்படுத்தக் கூடாது. முழங்காலுக்குக் கீழே ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுரீரென்று வலித்தால், அயோடெக்ஸ் தேய்த்து அடுத்த நாளே ஓட வைக்காதீர்கள். முறிவு வலி முதலில் அப்படித்தான் தெரியும். எக்ஸ்ரே முதல் வாரங்களில் அதைக் காட்டாமலும் போகலாம்.

பிராக்டிஸ் முடிந்த அரைமணிக்குள் இரண்டு வாழைப்பழமும் அவித்த முட்டையும், முட்டை ஆகாதவர்களுக்குச் சுண்டலும் மைதானத்திலேயே கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஸ்பைக்ஸ் வாங்க நன்கொடை திரட்டும் பழைய மாணவர் சங்கங்கள் இந்தச் செலவுக்கும் கேட்டுப் பார்க்கலாம். ஒரு ஜோடி ஸ்பைக்ஸ் விலையில் ஒரு பெண்ணுக்குப் பல வாரச் சுண்டல் வரும்.

(தொடரும்)