பவளப்பாறை மீன்தொட்டி

பவளப்பாறை மீன்தொட்டி என்பது பவள உயிரிகளையும் அவற்றைச் சார்ந்து வாழும் மீன்களையும் கடல்நீரில் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஆகும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதியினருக்கு அலங்கார மீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற கொளத்தூர் அருகிலுள்ளது. எனினும் அங்கு வளர்க்கப்படுபவை பெரும்பாலும் நன்னீர் மீன்களே.

அமைக்கும் முறை

ஆழ்குழாய்க் கிணற்று நீர் இதற்கு ஏற்றதன்று. எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் தூய்மையாக்கிய நீரில் செயற்கைக் கடலுப்பு, லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் அளவில் கரைக்கப்படுகிறது. சமையல் உப்பு பயன்படாது. பவளம் தன் கூட்டைக் கட்டத் தேவையான கால்சியம் அதில் இல்லை. மீன்கழிவில் உண்டாகும் நச்சுத்தன்மையுள்ள அம்மோனியாவை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்குமுன் விடப்படும் மீன்கள் பெரும்பாலும் இறந்துவிடுகின்றன.

நீரின் வெப்பநிலை 25-27 பாகை செல்சியசு இருத்தல் நன்று. சென்னைக் கோடையில் குளிர்விப்பான் இன்றி இது இயலாது. 30 பாகைக்கு மேல் நீடித்தால் பவளம் தன்னுள் வாழும் பாசிகளை இழந்து வெளிறிவிடும்.

சட்டநிலை

பாறைப்பவளங்கள் 2001 இல், 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. எனவே மன்னார் வளைகுடா போன்ற இந்தியக் கடல்களில் எடுத்த பவளத்தை, அது இறந்த துண்டாயினும், வாங்குவது தண்டனைக்குரிய குற்றமாகும். தொடங்குவோருக்குச் செயற்கைப் பாறையும், பண்ணையில் பொரித்த கோமாளி மீன்களுமே பொருத்தமானவை. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையம் இம்மீன்களைத் தொட்டிகளிலேயே இனப்பெருக்கம் செய்துள்ளது.