சிங்கப்பூர் வேலைக்கு போறீங்களா? 'ஹேண்ட்போன் கார்டு' வாங்கும்போது உஷார்... உஷார்!

திருச்சி: திருச்சி விமான நிலைய வாசலில் ராத்திரி நேரம் போய் நின்று பார்த்தால் தெரியும். புதுக்கோட்டை, தஞ்சாவூர், பெரம்பலூர், சிவகங்கை என்று சுத்துப்பட்டு மாவட்டங்களில் இருந்து வேன் பிடித்து வந்து, சிங்கப்பூர் போகும் பிள்ளையை வழியனுப்பும் கூட்டம் அலைமோதும். ஆத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்லும் கடைசி வார்த்தை ஒன்றே ஒன்றுதான். "எறங்குனதும் போன் போட்ருப்பா..!"

சொல்வது சுலபம். அங்கே இறங்கி போன் போடுவதற்குள் பலருக்கு நாக்கு தள்ளி விடுகிறது. பாஸ்போர்ட், பெர்மிட், ஏஜெண்ட் காசு என்று எல்லாத்தையும் யோசித்தவர்கள், இந்த போன் சமாச்சாரத்தை மட்டும் 'அங்க போய் பாத்துக்கலாம்' என்று விட்டு விடுகிறார்கள். அங்கேதான் வருகிறது வில்லங்கம். ஒரு சின்ன சிம் கார்டு விவகாரத்தில் ஏமாந்தால் ஜெயில் வரைக்கும் போக வேண்டி வரும் என்பது இங்கிருந்து கிளம்புகிற பல பேருக்கு தெரியவே தெரியாது.

பட்டன் போன் வேலைக்கு ஆகாது

முதலில் கையில் கொண்டு போகிற போன். நம்மூரில் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு கிடைக்கிற பழைய 2ஜி பட்டன் போனை எடுத்துப் போனால் அங்கே டார்ச் லைட் அடிக்கத்தான் பயன்படும். சிங்கப்பூரில் 2ஜி சேவையை 2017-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தோடு மூட்டை கட்டி விட்டார்கள். 3ஜி-யும் 2024-ல் போய்ச் சேர்ந்து விட்டது.

அதனால் 4ஜி அல்லது 5ஜி போன்தான் வேண்டும். அதிலும் 'வோல்ட்டி' எனப்படும் 4ஜி வழியாகவே குரல் பேசும் வசதி இருக்கணும். அது இல்லாத பழைய ஸ்மார்ட் போனில் இன்டர்நெட் வரும், சாதாரண கால் போகாது. ஜியோ போன் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது ஜியோ கார்டுக்கு மட்டுமே பூட்டப்பட்ட போன். வெளிநாட்டு சிம் போட்டால் எடுக்காது.

ரெண்டு சிம் போடுகிற போனாக இருந்தால் ரொம்ப நல்லது. ஏன் என்பது பின்னால் வருகிறது.

இறங்கிய உடனே பேச சிம் கூட தேவையில்லை. சாங்கி விமான நிலையத்தில் இலவச வை-பை இருக்கிறது. அதில் வாட்ஸ்-அப் கால் போட்டு 'வந்து சேந்துட்டேன்' என்று சொல்லி விடலாம். துபாய் பக்கம் போகிறவர்களுக்கு இந்த கொடுப்பினை கிடையாது, அங்கே வாட்ஸ்-அப்பில் மெசேஜ் போகும், கால் போகாது. சிங்கப்பூரில் அந்த தொந்தரவு இல்லை. ஆனால் நேரம் பார்த்து போடணும். அங்கே நம்மை விட ரெண்டரை மணி நேரம் முந்தி.

பாஸ்போர்ட் இல்லாமல் கார்டு இல்லை

சிங்கப்பூரில் செல்போனுக்கு பேர் 'ஹேண்ட்போன்'. ரீசார்ஜுக்கு பேர் 'டாப்-அப்'. டாலருக்கு பேர் 'வெள்ளி'. இந்த மூணு வார்த்தை தெரிந்தால் கடையில் பாதி வேலை முடிந்த மாதிரி. மிச்சத்தை தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை தேக்கா, சிராங்கூன் ரோடு, முஸ்தபா பக்கம் போனால் நம்மாட்கள் கூட்டம் தீபாவளி பஜார் மாதிரி இருக்கும். அங்கே போன் கடைகளுக்கு பஞ்சமே இல்லை.

சிங்டெல், ஸ்டார்ஹப், எம்-1, சிம்பா ஆகிய நாலும் சொந்தமாக டவர் வைத்திருக்கும் கம்பெனிகள். இவர்களிடம் மொத்தமாக வாங்கி சில்லறையாக சேவை கொடுக்கிற சின்ன கம்பெனிகளும் இருக்கின்றன. தொழிலாளிகள் பெரும்பாலும் எடுப்பது முன்கூட்டி காசு கட்டுகிற பிரீபெய்டு கார்டுதான். மாச பில் வருகிற போஸ்ட்பெய்டு எடுக்க பெர்மிட் காலம் பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில இடங்களில் டெபாசிட்டும் கேட்பார்கள். 'புது போன் சும்மா தர்றோம், ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்' என்று ஆசை காட்டினால், நடுவில் வேலை போய் ஊர் திரும்பினால் மிச்ச மாதத்துக்கும் தண்டம் கட்ட வேண்டி வரும் என்பதை மறக்கக் கூடாது. பெர்மிட்டே அதிகபட்சம் ரெண்டு வருஷம்தானே!

கார்டு வாங்க ஒரிஜினல் பாஸ்போர்ட் அல்லது வொர்க் பெர்மிட் கார்டு கட்டாயம். ஜெராக்ஸ் எடுபடாது. கடைக்காரர் அதை மிஷினில் ஸ்கேன் செய்து உங்கள் பேரில் பதிவு செய்த பிறகுதான் லைன் வேலை செய்யும். ஒரு ஆள் பேரில் மூணு பிரீபெய்டு கார்டுக்கு மேல் கிடையாது. முன்பு பத்து கார்டு வரை வாங்கலாம் என்று இருந்ததை 2014-ம் ஆண்டு ஏப்ரலில் மூணாக குறைத்து விட்டார்கள்.

கார்டு வாங்கும்போது எத்தனை நாள் கெடு, இந்தியாவுக்கு பேச தனி நிமிஷம் இருக்கிறதா, எத்தனை ஜி.பி. என்ற மூணையும் வாய் விட்டு கேட்டு விடுங்கள். டூரிஸ்ட்டுகளுக்கான கார்டு பார்க்க பளபளவென்று இருக்கும். கொஞ்ச நாளில் காலாவதி ஆகி விடும். அந்த நம்பரை பேங்குக்கு கொடுத்து, அப்புறம் அது செத்துப்போய், ஓ.டி.பி. வராமல் சம்பள பணத்தை எடுக்க முடியாமல் முழிக்கிற கூத்தெல்லாம் நடக்கிறது.

"தம்பி... உன் பேர்ல ஒரு கார்டு எடுத்துக் குடேன்!"

இதுதான் விஷயமே.

புதுசாக வந்த பையன், கையில் காசு இல்லை, ஏஜெண்ட் கடன் கழுத்தை நெரிக்கிறது. டார்மில் பக்கத்து பெட்டில் படுத்திருப்பவரோ, தேக்காவில் டீ வாங்கிக் கொடுத்த ஆளோ நைசாக பேச்சு கொடுப்பார். "தம்பி, என் பேர்ல மூணு கார்டு ஆயிருச்சு. உன் பாஸ்போர்ட்ல ஒண்ணு எடுத்துக் குடேன். இருபது வெள்ளி தர்றேன்."

"இதுல என்னண்ணே இருக்கு..." என்று எடுத்துக் கொடுத்தால் தீர்ந்தது கதை.

அந்த கார்டு போகிற இடம் மோசடி கும்பல் கையில். எங்கேயோ இருந்துகொண்டு வயசானவர்களுக்கு போன் போட்டு 'போலீஸ் பேசறேன், பேங்க் பேசறேன்' என்று லட்சக்கணக்கில் சுருட்டுவார்கள். போலீஸ் நம்பரை துழாவினால் வந்து நிற்பது பாஸ்போர்ட்டைக் கொடுத்த பையன் பேர். கும்பல்காரன் ஒருத்தனும் மாட்ட மாட்டான், இருபது வெள்ளிக்கு ஆசைப்பட்டவன் மாட்டுவான்.

'எனக்கு தெரியாது சார்' என்று தப்பிக்க முன்பு கொஞ்சம் வழி இருந்தது. அதையும் அடைத்து விட்டார்கள். 2025-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி முதல் சிங்கப்பூரில் தனிச் சட்டமே அமலில் இருக்கிறது. காசுக்காக தன் பேரில் கார்டு எடுத்து அடுத்தவருக்கு கொடுப்பது, பாஸ்போர்ட் விவரத்தை கார்டு பதிய கொடுப்பது ரெண்டுமே குற்றம். 3 வருஷம் வரை ஜெயில், 10 ஆயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது ரெண்டும் சேர்த்து. இடையில் வாங்கி விற்கிற தரகர், கள்ளத்தனமாக பதிவு செய்து கொடுக்கிற கடைக்காரர் எல்லோருக்கும் இதே சட்டத்தில் ஆப்பு இருக்கிறது.

அதோடு போகவில்லை. 2025 கடைசியில் கொண்டு வந்த இன்னொரு சட்டத் திருத்தத்தில், மோசடிக்காரர்களுக்கு பிரம்படி தண்டனை சேர்க்கப்பட்டது. கார்டு கொடுத்தும், பேங்க் கணக்கு கொடுத்தும் அவர்களுக்கு உதவி செய்கிறவர்களுக்கும் கோர்ட்டு நினைத்தால் 12 அடி வரை கொடுக்கலாம். சிங்கப்பூர் பிரம்படி நம்மூர் வாத்தியார் அடி இல்லை. சதை பிய்ந்து விடும்.

வெளிநாட்டு தொழிலாளிக்கு இதில் ரெட்டை அடி. கேஸ் ஆனால் பெர்மிட் போகும், ஊருக்கு அனுப்புவார்கள், திரும்ப உள்ளே விட மாட்டார்கள். இங்கே வட்டிக்கு வாங்கிய கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

சொந்த அண்ணன், தம்பி பயன்படுத்த நல்ல எண்ணத்தில் ஒரு கார்டு வாங்கிக் கொடுப்பதை சட்டம் குறி வைக்கவில்லை. ஆள் யார், எங்கே இருக்கிறார், எதற்கு வேண்டும் என்று தெரியாமல், காசுக்கு கொடுப்பதுதான் சிக்கல். பெர்மிட் இருக்கிற எல்லோரும் தன் பேரிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்கிறபோது, ஒரு ஆளுக்கு உங்கள் பேரில் கார்டு எதுக்கு? அந்த கேள்வியை அவரிடமே கேட்டால் ஆளைக் காணோம் என்று ஓடி விடுவார்.

பிளஸ் குறி வந்தால் பிழைத்தீர்கள்

மோசடி கும்பல் தொழிலாளிகளுக்கும் போன் போடுகிறது. 'மனிதவள அமைச்சில் இருந்து பேசறோம், உன் பெர்மிட் ரத்து ஆகப்போகுது, பணம் கட்டு' என்பது ஒரு ரகம்.

இதை கண்டுபிடிக்க சுலபமான வழி ஒன்று உண்டு. சிங்கப்பூர் செல்போன் நம்பர் 8 அல்லது 9-ல் ஆரம்பிக்கும் எட்டு இலக்கம். வெளிநாட்டில் இருந்து வருகிற எல்லா காலுக்கும் முன்னால் பிளஸ் குறி போட்டுத்தான் காட்ட வேண்டும் என்று 2020-ம் ஆண்டு ஏப்ரலில் விதி கொண்டு வந்தார்கள். அதனால் பிளஸ் 65 என்று ஒரு நம்பரில் இருந்து கால் வந்து, 'நான் சிங்கப்பூர் ஆபீசில் இருந்து பேசறேன்' என்று சொன்னால் கட் பண்ணி விடுங்கள். உள்ளூர் காலுக்கு பிளஸ் வராது.

எஸ்.எம்.எஸ்-ஸிலும் அப்படித்தான். பதிவு செய்யாத பேரில் வருகிற மெசேஜுக்கு 'மோசடியாக இருக்கலாம்' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் முத்திரை விழும். அரசாங்க மெசேஜ்கள் 2024 ஜூலையில் இருந்து 'கவ் டாட் எஸ்.ஜி.' என்ற ஒரே பேரில்தான் வருகின்றன. சந்தேகம் வந்தால் 1799 என்ற நம்பருக்கு போன் போட்டு கேட்கலாம். போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 995. இந்த மூணையும் போனில் பதிந்து வைப்பது நல்லது.

உட்லண்ட்ஸ், துவாஸ் பக்கம் டார்மில் தங்குகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி. கடலுக்கு அந்தாண்டை மலேசியா. போன் தானாகவே மலேசியா டவரைப் பிடித்து விடும். ரோமிங் ஆன் பண்ணியிருந்தால் ராத்திரி சினிமா பார்த்தவர் டாப்-அப் காலையில் காலி. ரோமிங்கை ஆப் செய்து, நெட்வொர்க்கை கையால் தேர்வு செய்து வைத்து விட்டால் இந்த வம்பு இல்லை.

ஊர் நம்பரை கொன்னுடாதீங்க

ரெண்டு சிம் போன் ஏன் வேண்டும் என்றால், இதற்குத்தான். ஊரில் பேங்க் கணக்கு, ஆதார், கேஸ் புக்கிங் எல்லாம் பழைய நம்பரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த கார்டை வீட்டு அலமாரியில் போட்டு விட்டுப் போனால், ரீசார்ஜ் இல்லாமல், உபயோகமும் இல்லாமல் கிடந்து ஒரு நாள் லைனை கட் செய்து விடுவார்கள். டிராய் விதிப்படி 90 நாள் தொடர்ந்து எந்த உபயோகமும் இல்லாவிட்டால் பிரீபெய்டு நம்பரை நிறுத்தலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் அவ்வளவுதான். கொஞ்ச காலத்தில் அந்த நம்பர் வேறு யாருக்கோ போய் விடும். உங்கள் பேங்க் ஓ.டி.பி. அவர் போனில் அடிக்கும். அதே நம்பரில் வாட்ஸ்-அப்பையும் அவர் திறந்து உட்கார்ந்து கொள்வார்.

அதனால் கிளம்புவதற்கு முன்பே கம்பெனி கடைக்குப் போய் இன்டர்நேஷனல் ரோமிங்கை போட்டுக் கொள்ளுங்கள். வெளிநாட்டில் எஸ்.எம்.எஸ். வருவதற்கு காசு பிடிப்பார்களா, பேக் போடணுமா என்றும் கேட்டு விடுங்கள். அங்கே போனதும் ஊர் சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் மறக்காமல் ஆப் செய்யணும். ரீசார்ஜை வீட்டில் இருந்தே தங்கச்சியோ, மச்சானோ நேரத்துக்கு போட்டு விடலாம்.

சிங்கப்பூர் நம்பரிலேயே யு.பி.ஐ. வைத்துக் கொள்ளவும் வழி இருக்கிறது. 2023-ல் சிங்கப்பூர் உள்பட பத்து நாட்டு நம்பர்களுக்கு இதை அனுமதித்தார்கள். ஆனால் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கு இருக்கணும். அதே வருஷம் பிப்ரவரியில் சிங்கப்பூரின் 'பேநவ்' முறையையும் நம்ம யு.பி.ஐ.யையும் இணைத்தார்கள். போனில் இருந்தே ஊருக்கு பணம் அனுப்பலாம். எல்லா பேங்கும் இதில் இல்லை என்பதால் உங்கள் பேங்கில் இருக்கிறதா என்று கேட்டுக் கொள்வது உத்தமம்.

போன் தொலைந்து விட்டால் முதலில் சிம் கம்பெனிக்கு வேறு போனில் இருந்து சொல்லி லைனை நிறுத்தணும், அப்புறம் போலீசில் எழுதிக் கொடுக்கணும். பல பேர் புது போன் வாங்குவதில்தான் முதலில் நிற்கிறார்கள்.

பெர்மிட் முடிந்து ஒரேயடியாக ஊர் திரும்பும்போது நம்மாட்கள் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. "நான் கிளம்பறேன்டா, இந்த கார்டுல இன்னும் எட்டு வெள்ளி இருக்கு, நீ வெச்சுக்க" என்று ரூமில் இருக்கிற யாரோ ஒருவரிடம் நீட்டி விட்டு வருவார்கள். கார்டு இன்னமும் உங்கள் பேரில்தான் இருக்கிறது. பின்னால் அது எத்தனை கை மாறினாலும் பதிவில் உங்கள் பேர்தான் நிற்கும். எட்டு வெள்ளி போனால் போகட்டும் என்று, விமானம் ஏறும் வாரத்திலேயே பாஸ்போர்ட்டோடு கடைக்குப் போய், பேங்க் கணக்கில் இருந்து அந்த நம்பரை எடுத்து விட்டு, லைனை ரத்து செய்து விட்டு வர வேண்டும்.