பாலத்தின் நாடி பார்க்கும் கண்ணாடி நூல்

2016 ஆகஸ்ட் 2-ந் தேதி இரவு, மும்பை-கோவா ரோட்டில் மஹாட் அருகே சாவித்திரி ஆற்றின் பழைய பாலம் வெள்ளத்தில் இடிந்தது. இரண்டு அரசு பஸ்கள் ஆற்றோடு போயின. ஊருக்குப் போகவர எத்தனையோ பாலங்களைத் தாண்டும் நம்மவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

ரயில் பாலங்களில் சுத்தியலால் தட்டிப் பார்த்தே தளர்ந்த ரிவெட்டைச் சொல்லிவிடும் அனுபவஸ்தர்கள் உண்டு. ஆனால் வண்டி ஓடும்போது இரும்பு எவ்வளவு நீளுகிறது என்பது காதுக்கு எட்டாது. அதைச் சொல்வது ஒரு கண்ணாடி நூல்!

நிறம் மாறும்

டெலிபோன் பேச்சை ஒளியாகக் கொண்டுபோகும் அதே இழைதான். மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு கனம். இதற்குள் நெருக்கமான வரிகளை ஒளியாலேயே பதிக்கலாம் என்று 1978-ல் கனடாவில் கென்னத் ஹில் குழுவினர் கண்டனர். வரிகள் ஒரே ஒரு நிற ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும். இழையை இரும்பில் ஒட்டிவிட்டால், இரும்பு நீளும்போது வரிகள் விலகும். திரும்பும் நிறமும் மாறும். ஒரு மீட்டர் இரும்பு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டாலும் கருவி காட்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத நிறம்தான், கருவிக்குத் தெரியும்.

மேலே 25,000 வோல்ட் கம்பி போகும் இடத்தில் மின்சார அளவுகருவிகளின் கணக்கு குழம்பக்கூடும். கண்ணாடிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரே இழையில் பல இடங்களை அளக்கலாம். இழை அறுந்தால் அதற்கு அப்பாலிருந்து ஒளி திரும்பாது. அந்த நொடியே தெரியும். அதை சிக்னலோடு இணைத்தால் வண்டியை நிறுத்தலாம்.

வெயில் செய்யும் குழப்பம்

சிக்கலும் உண்டு. வெயில் ஏறினாலும் நிறம் மாறும். ஒரு டிகிரி சூடு, மேலே சொன்ன நீட்சியைப்போல் சுமார் எட்டு மடங்கு மாற்றம் காட்டும். ஆகவே பாரம் படாத இன்னொரு இழையைப் பக்கத்தில் வைத்து, சூட்டின் பங்கைக் கழிக்கிறார்கள்.

ஹாங்காங்கில் 1,377 மீட்டர் இடைத்தூரமுள்ள சிங் மா தொங்குபாலத்தில் மேலே மோட்டார்களும் கீழ்த்தட்டில் ரயிலும் ஓடுகின்றன. அங்கே 40 இழை உணரிகளைப் பொருத்திச் சோதித்தார்கள். ஏற்கெனவே இருந்த கருவிகளின் கணக்கோடு அவை ஒத்துப்போயின. நம் நாட்டில் கொல்கத்தா ஜாதவ்பூரிலுள்ள மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையமும் இத்தகைய இழைகளில் ஆராய்ச்சி நடத்தியிருக்கிறது.

ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது. ஒட்டிய இடத்தைப் பற்றித்தான் இழை பேசும். எங்கே ஒட்டுவது என்று காட்ட, பாலத்தில் நடந்து பழகிய ஆள்தான் வேண்டும்.